எழுபத்தொரு காசு

ஹைகலின் இடது முட்டியைச் சுற்றி
ஒட்டுநாடாவை நான் இழுத்தபோது
கூரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டான்.
மணி மூன்று இருபது.
எங்கள் கல்லூரி அப்போது எழுபத்தொரு காசு.

வென்றால் ஒரு வெள்ளி. தோற்றால் ஒன்றுமில்லை.
இடையில் கிடப்பதெல்லாம் விலை.
புள்ளியியல் ஒப்படைப்பாக யீ ஷுவான் எழுதிய செயலி;
ஆசிரியர் அதற்கு பி பிளஸ் போட்டார்,
நாங்கள் முந்நூறு பேர் சேர்ந்தோம்.
வெறும் புள்ளிகள்தான் என்பாள் யார் கேட்டாலும்.
திங்கட்கிழமை அந்தப் புள்ளிகள்
பேநவ்வில் வெள்ளியாவதை யாரும் கேட்பதில்லை.
என்னிடம் நாற்பது சீட்டு,
ஐம்பத்தைந்து காசில் வாங்கியது.

செங்காங் திடல். நீலச் செயற்கைப் புல்.
ஒரு கோல் வாங்கினோம், விலை விழுந்தது,
ஹைகல் ஒன்று போட்டான்,
ஏறி மறுபடி எழுபத்தொன்றில் உட்கார்ந்தது.
மூன்றாம் கால்பகுதியில் மின்னல் சங்கு ஊதிற்று.
எல்லாரும் கூரைக்குள்.
ஆட்டம் நின்றது.
சந்தைக்கு மின்னல் பயம் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம்
முட்டி பாவ் மாதிரி உப்பத் தொடங்கியது.
இயன்முறைச் சிகிச்சை இரண்டாம் ஆண்டு நான்;
இனி அது மடங்காது என்பதற்கு
இரண்டாம் ஆண்டு போதும்.
தெரிந்தவர்கள் தீவில் இரண்டே பேர்.
ஒருத்தியிடம் நாற்பது சீட்டு.

விற்கவில்லை.
நல்லவள் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.
பனிக்கட்டி அள்ளிய கை.
கட்டைவிரலை இரண்டு முறை வைத்தேன்,
இரண்டு முறையும் என் ரேகை பார்த்து
என்னைத் தெரியாது என்றது கைப்பேசி.
மூன்றாவதற்குள் கோச் குல்வந்த்,
"ஆடுவானா?"
"பார்க்கலாம்" என்றேன்.
ஒரு சொல்லுக்குள் ஒளிய இவ்வளவு இடம் இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

பார்வையாளர் படிகளின் முன்னால்தான் வழி.
கையில் இரண்டு பை.
எட்டாவது படியில் கணக்கியல் படிக்கும் அகிலேஷ்,
ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று அறியாதவன்,
பைகளை எண்ணினான்.
ஒன்று என்றால் சுளுக்கு.
இரண்டு என்றால் விற்கலாம்.

அறுபத்திரண்டு.
ஐம்பத்தொன்று.
நான் நடக்க நடக்க இறங்கியது.
நின்றால் நிற்குமோ என்று நின்றேன்.
நின்றதற்கும் இறங்கியது.

ஹைகலும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
"முப்பத்தெட்டு லா" என்றான்,
யாரோ ஒருவனின் பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல.
பிறகு, காய்ந்த விரலால், பத்து வாங்கினான்.
நம்பிக்கையா, மலிவா,
நான் கேட்கவில்லை. பையை முட்டியில் வைத்தேன்.

ஐந்து பத்துக்கு நடுவர் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார்.
ஆட்டம் ரத்து. கோப்பை
ஆளுக்கு ஆறு மாதம்.
யீ ஷுவானின் நிரலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை;
ஒன்று இருந்தது, பூஜ்யம் இருந்தது.
சாரல் தெறிக்கும் மடிக்கணினியைத் துப்பட்டா போலப் பையால் மூடிக்கொண்டு
"எல்லாருக்கும் ஐம்பது காசு" என்று கத்தினாள்.
அறுபத்திரண்டில் விற்ற அகிலேஷ் மட்டும் கைதட்டினான்.

எனக்கு இரண்டு வெள்ளி நஷ்டம்.
ஹைகலுக்கு ஒரு வெள்ளி இருபது காசு லாபம்.
எல்ஆர்டியில் எனக்கு ஒரு மைலோ வாங்கித் தருவதாகச் சொல்லி,
கணக்குப் போட்டு,
"இருபது காசு நீ போடு" என்றான்.
பனிக்கட்டி உருகி அவன் காலுறைக்குள் இறங்கி
ரயில் தரையில் ஒரு கோடாய் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த முட்டி ஐந்து மாதம் மடங்கவில்லை, அது பிறகு.

நான் கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு
திரையில் வைத்தேன்.
தொட்டதும் திறந்தது.